கடைசி பெஞ்சிலிருந்து ஆரம்பிக்கலாம்

மாமியாரும் மருமகளும் பேசிக்கொள்ளவில்லை என்றால் வீட்டில் சண்டை என்றுதான் நாலு பேர் நினைப்பார்கள். இந்த வீட்டில் சண்டை எல்லாம் கிடையாது. குறுக்கே நிற்பது சட்டம்.

சென்ற வாரம் தவறவிட்டவர்களுக்காக ஒரு நிமிஷம் நின்று சொல்லிவிட்டுப் போகிறேன். மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாமியார், துணிக்கடை பில் கவுன்டரில் பாதி ஆயுளைக் கழித்தவர். "இனிமே எனக்குப் பிடிச்சதைச் செய்யப்போறேன்" என்று வேலையை விட்டுக் கல்லூரியில் தாவரவியல் சேர்ந்தார். ஏன் தாவரவியல் என்று கேட்டவர்களிடம், "செடி எதையும் மாத்திக் குடுன்னு கேக்காது" என்றார். கூடப் படிக்கும் பிள்ளைகள் முதல் நாள் அவரை அம்மா என்று கூப்பிட்டார்கள். "அம்மான்னா அசைன்மென்ட் காட்டமாட்டேன், அக்கான்னா காட்டுவேன்" என்றார். அன்றிலிருந்து வகுப்பு முழுக்க அவர் அக்காதான். இப்போது பட்டத்துக்கு ஒரே ஒரு செமஸ்டர் பாக்கி.

மருமகளோ, கல்லூரிகளைக் கண்காணிக்கும் அரசு ஆணையத்தில் அதிகாரி. எந்தக் கல்லூரி உண்மையாக நடக்கிறது, எது நடிக்கிறது என்று நேரில் போய்ப் பார்த்து, அங்கீகாரம் கொடுப்பதும் பறிப்பதும் அவர்கள் வேலை. மாமியாரின் கல்லூரிக்கு ஆய்வு என்று தெரிந்ததுமே, "அங்கே என் கணவரின் அம்மா படிக்கிறார், என்னைக் குழுவில் சேர்க்க வேண்டாம்" என்று அவளாகவே சொல்லி ஒதுங்கிவிட்டாள். ஆய்வு முடியும்வரை அதைப் பற்றி வீட்டில் மூச்சு விடக்கூடாது என்று மேலதிகாரியும் சொல்லிவிட்டார்.

வாயை மூடிக்கொள்ளலாம், காதை என்ன செய்வது? ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் மாமியார் வகுப்பையே கூட்டி உட்காரவைத்து ஒத்திகை நடத்தினார். "நீங்கதான் பெரியவங்க, பிள்ளைங்களைத் தயார் பண்ணுங்க" என்று முதல்வர் அவரிடம் பொறுப்பை ஒப்படைத்திருந்தார். முதல் பெஞ்சுக்கு நூலகக் கேள்வி, இரண்டாவதுக்கு லேப், மூன்றாவதுக்கு ஆசிரியர்கள், நாலாவதுக்குக் கழிப்பறை, ஐந்தாவதுக்குக் குடிதண்ணீர். கடைசி பெஞ்சில் வகுப்பு பூராவும் தூங்கும் 'குறட்டை'க்கு இருப்பதிலேயே சுலபமான கேள்வி: மொத்தத்தில் திருப்தியா?

"கேள்வியைக் காதுல போட்டுக் குழம்பாதீங்க. அவங்கவங்க பதிலை மட்டும் கெட்டியாப் பிடிச்சுக்கோங்க" என்று மாமியார் சொன்னது சமையலறைவரை கேட்டது.

சமையலறையில் நின்ற மருமகள் அடுப்பை அணைத்தாள். ஆய்வுக் குழுக்கள் கையில் வைத்துக்கொண்டு சுற்றுகிற கையேட்டை எழுதியவளே அவள்தான். அதில், மாணவர்களிடம் கேள்வி கேட்கும்போது கடைசி பெஞ்சிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று போட்டிருந்தாள். முதல் பெஞ்சு எப்போதும் தயாராக இருக்கும் என்பது அவள் அனுபவம். அவளே கடைசி பெஞ்சுக்காரி. இதை வெளியில் போய்ச் சொல்லவும் முடியாது, உள்ளே நின்று கேட்கவும் முடியாது. பையை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினாள். வீட்டில் கூடை நிறைய வெங்காயம் இருக்க, மேலும் வெங்காயமே வாங்கிக்கொண்டு வந்தாள்.

அங்கேதான் கதையை விட்டோம். இன்று ஆய்வு நாள். வாருங்கள், உள்ளே போகலாம்.

"டேய், இந்தக் கலர் எனக்கு எடுப்பா இருக்கான்னு உன் பொண்டாட்டியைக் கேளு" என்றார் மாமியார் காலையில்.

"அம்மா, அவ ரெண்டடி தள்ளித்தான் நிக்கிறா."

"கலரும் ஆய்வுல சேருமோ என்னவோ, யாருக்குத் தெரியும்? எதுக்கு வம்பு!"

மகன் லிஃப்ட் மெக்கானிக். காபியைக் கீழே வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டான். "லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னா என்னால சரிபண்ண முடியும். இங்க நடுவுல நிக்கிறதே நான்தான். என்னை யாரு வந்து சரிபண்றது?"

மருமகளுக்குச் சிரிப்பு வந்தது. சாப்பாட்டுப் பையை நீட்டினாள். உண்மையைச் சொல்லிடுங்க அத்தை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதுவும் பேசக்கூடாததில்தானே சேரும்? அதை விட்டுவிட்டு, வேறு ஏதாவது சொல்ல வேண்டுமே என்று சொன்னாள்.

"அத்தை, தண்ணி நிறையக் குடிங்க."

மாமியாரின் கண்கள் பளிச்சென்று விரிந்தன. ஒன்றும் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வாசலுக்குப் போனார். தெருமுனை திரும்பியதும் போனை எடுத்து, "குடிதண்ணிக் கேள்வி நிச்சயமா வருது! அஞ்சாவது பெஞ்சு உஷார்!" என்று வகுப்புக்குத் தகவல் கொடுத்தார். பாவம் மருமகள், அவள் பாட்டுக்கு வெயிலை நினைத்துச் சொன்னாள்.

கல்லூரியில் எங்கே திரும்பினாலும் பெயின்ட் வாசனை. முதல்வர் கழுத்தைத் துடைத்துத் துடைத்துக் கைக்குட்டையே நனைந்துவிட்டது. கெட்ட மனிதர் இல்லை அவர். பயந்த மனிதர். பயந்தவர்கள் செய்கிற காரியம் சில சமயம் கெட்டவர்கள் செய்வதைவிட மோசமாகப் போய்விடும், அவ்வளவுதான்.

குழுவில் இரண்டே பேர். தலைவியாக வந்த அம்மாள் கண்ணாடியை மூக்கின் நுனியில் நிறுத்தியிருந்தார். உறுப்பினராக வந்தவர் அவர் சொல்வதையெல்லாம் எழுதிக்கொண்டே நடந்தார். நூலகம் பார்த்தார்கள், லேப் பார்த்தார்கள். லேப்பில் கண்ணாடி அலமாரிக்குள் மைக்ரோஸ்கோப்புகள் பிளாஸ்டிக் உறை போட்டு வரிசையாக நின்றன. ஒரு தூசி இல்லை, ஒரு கீறல் இல்லை.

"அடேயப்பா, புத்தம் புதுசா வெச்சிருக்கீங்களே!" என்றார் தலைவி. முதல்வருக்குப் பாதி உயிர் திரும்பியது.

பிறகு வகுப்பறை. "நீங்க வெளியே இருங்க சார். பிள்ளைங்ககூடத் தனியாப் பேசணும்" என்று தலைவி முதல்வரை அனுப்பிக் கதவைச் சாத்தினார்.

முதல் பெஞ்சில் மாமியார் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நூலகம், புதுப் பதிப்பு, வாரம் இரண்டு புத்தகம் என்று உதடு தானாக முணுமுணுத்தது. தலைவி அவரைத் தாண்டிப் போனார். இரண்டாவது பெஞ்சைத் தாண்டினார். போய்க்கொண்டே இருந்தார். கடைசிக்குப் போய் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கடைசி பெஞ்சிலிருந்து ஆரம்பிக்கலாமா?"

மாமியாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. திரும்பிக் கண்ணால் ஜாடை காட்டப் பார்த்தார். உறுப்பினர் நேராக அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் தூசி விழுந்த மாதிரி தேய்த்துக்கொண்டு முன்னால் திரும்பிவிட்டார்.

"தம்பி, நூலகத்துல கடைசியா என்ன புத்தகம் எடுத்தீங்க?"

குறட்டை அன்று தூங்கவில்லை. அதுதான் வினை. விறைப்பாக எழுந்து நின்றான். "மொத்தத்துல ரொம்பத் திருப்தி மேடம்!"

"ஓகோ. அந்தப் புத்தகத்தை எழுதினது யாரு?"

குறட்டை பேய் முழி முழித்தான். தலைவி ஐந்தாவது பெஞ்சுக்குத் திரும்பினார்.

"நீ சொல்லும்மா. லேப்புல என்னென்ன செய்வீங்க?"

"காலையில ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை வயிறு முட்டக் குடிப்போம் மேடம். ரொம்பச் சுத்தம்!"

உறுப்பினரின் பேனா நின்றது. நாலாவது பெஞ்சு.

"உங்க ஆசிரியர்கள் எப்படி?"

"தினமும் ரெண்டு வேளை நல்லாக் கழுவி விடறாங்க மேடம். வாடையே வராது."

எங்கோ ஒரு பெண் புத்தகத்தால் வாயைப் பொத்திக்கொண்டாள். மூன்றாவது பெஞ்சுக்காரியின் முகம் ஏற்கெனவே சிவந்துபோயிருந்தது. இருந்தாலும் அக்கா சொன்னதை மீறக்கூடாதே.

"கழிப்பறை எப்படிம்மா?"

"எப்ப வேணாலும் போய்ச் சந்தேகம் கேக்கலாம் மேடம். சிரிச்சுக்கிட்டே பதில் சொல்வாங்க."

உறுப்பினர் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் மட்டும் குலுங்கியது. தலைவி உதட்டைக் கடித்துக்கொண்டு இரண்டாவது பெஞ்சிடம், "குடிதண்ணி?" என்றார்.

"வாரம் மூணு நாள் மைக்ரோஸ்கோப்ல பார்க்கிறோம் மேடம்!"

அவ்வளவுதான். தலைவியே சிரித்துவிட்டார். அணை உடைந்த மாதிரி வகுப்பு முழுக்கச் சிரித்தது. குறட்டை பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தான். சிரிக்காத ஒரே ஆள் மாமியார். குட்டு வெளிப்பட்டுவிட்டது.

தலைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். "கடைசிக் கேள்வி. முதல் பெஞ்சு. நீங்க சொல்லுங்கம்மா. மொத்தத்துல இந்தக் கல்லூரியில உங்களுக்குத் திருப்தியா?"

மாமியார் எழுந்தார். 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்தக் கேள்விக்கு அதுதான் பதில், அவரே குறட்டைக்குப் பத்துத் தடவை சொல்லிக்கொடுத்தது. ஒரு செமஸ்டர். பட்டம்.

"மேடம், பிள்ளைங்களைக் கோச்சுக்காதீங்க. இந்த ஒத்திகையை நடத்தினது நான்தான். என் வீட்டுக் கூடத்துல, நானே சொல்லிக்கொடுத்தேன்."

சிரிப்பு நின்றுவிட்டது.

"எல்லாமே பொய்யா?"

"எல்லாம் பொய் இல்லை. ஆசிரியர்கள் நல்லாத்தான் சொல்லித்தர்றாங்க. தண்ணி நல்ல தண்ணி. ஆனா அந்த மைக்ரோஸ்கோப்பை நாங்க யாரும் தொட்டதே இல்லை மேடம். மூணு வருஷமா அலமாரிக்கு வெளியில நின்னு பார்க்கிறோம். படம் போடறோம். புத்தகத்தைப் பார்த்துப் போடறோம். ஆய்வுக்கு ஆள் வர்றப்ப தூசி தட்டறதுக்குத்தான் அந்தப் பூட்டையே திறப்பாங்க."

தலைவி கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க சொல்றதை எழுதினா இந்தக் கல்லூரிக்கு மார்க் போதாது. அங்கீகாரமே போகலாம். உங்க பட்டமும் அதோட நின்னுடும். தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

மாமியாருக்குக் கண் நிறைந்துவிட்டது. மறைக்கவில்லை. "எனக்குப் பட்டம் வேணும் மேடம். ரொம்ப வேணும். கூடத்துல அதை மாட்டறதுக்கு ஆணியே அடிச்சாச்சு. ஆனா ஒரு வெங்காயத் தோலைக்கூட லென்ஸ்ல பார்க்காம, தாவரவியல் படிச்சவன்னு எப்படிச் சொல்லிக்கறது? வெக்கமா இருக்கு."

பின்னாலிருந்து குறட்டையின் குரல் வந்தது. "அக்கா சொல்றது உண்மை மேடம்." இந்தத் தடவை அவன் யாரும் சொல்லிக்கொடுக்காததைச் சொன்னான்.

முதல்வரைக் கூப்பிட்டார்கள். அவர் வந்து வகுப்பின் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். தலைக்கு மேல் வெள்ளம் போய்விட்டால் சாண் என்ன, முழம் என்ன? மனிதர் முதல் முறையாகக் கைக்குட்டையைப் பைக்குள் போட்டார்.

"மேடம், இவங்கள்லாம் சேர்ந்த புதுசுல நடந்த ஆய்வுல ஒரு லென்ஸ்ல கீறல் இருந்தது. சீனியர் பிள்ளைங்க பார்த்துப் பார்த்து விழுந்த கீறல். அதுக்கு மார்க்கைக் குறைச்சாங்க. பக்கத்துக் கல்லூரியில உறையே பிரிக்காம வெச்சிருந்தாங்க. முழு மார்க். கையேட்டுல போட்டிருக்கே, கருவி பழுதில்லாம இருந்தாத்தான் மார்க்னு. உடைஞ்சா போகுது, பூட்டினா வருது. நான் பூட்டிட்டேன்."

தலைவி உறுப்பினரின் கையிலிருந்த கையேட்டை வாங்கிப் புரட்டினார். இருந்தது. முதல்வர் சொன்னது அப்படியே இருந்தது. ஓட்டை உடைசலை வாங்கி அடுக்கி ஏமாற்றும் கல்லூரிகளைப் பிடிக்கத்தான் அந்த விதியைப் போட்டார்கள். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்திருந்தது.

மாமியாருக்குக் கோபம் பொங்கிவிட்டது. "அப்ப நீங்க வந்து பார்க்கணுங்கறதுக்காகத்தான் எங்களைப் பார்க்க விடலையா? நல்லா இருக்கே நியாயம்! யாரு மேடம் இந்தச் சட்டத்தை எழுதினது? எவனோ ஒருத்தன், மைக்ரோஸ்கோப்பைக் கண்ணாலகூடக் கண்டிருக்கமாட்டான்!"

தலைவிக்குத் திடீரென்று இருமல் வந்தது. எழுதியது யார் என்று அவருக்குத் தெரியும். அந்த 'எவனோ' ஏன் இன்று இங்கே வரவில்லை என்பதும் தெரியும். இருமி முடித்துவிட்டு உறுப்பினரிடம், "அம்மா சொன்னதை வார்த்தை மாறாம எழுதிக்கோங்க" என்றார். பிறகு எழுந்தார்.

"சாவி எங்கே? வாங்க எல்லாரும். லேப்புக்குப் போவோம்."

வாசகர்களே, அடுத்த அரைமணி நேரத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நான் எத்தனை சொன்னாலும் போதாது.

பிளாஸ்டிக் உறைகள் சரசரவென்று பிரிந்தன. பிள்ளைகள் முதலில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள், பழக்கம் அப்படி. ஆசிரியை ஒருத்தி ஓடிவந்து, "நான் காட்டறேன், நான் காட்டறேன்" என்று சின்னப்பெண் மாதிரி குதித்தாள். அவளுக்கும் அது மூன்று வருஷ ஏக்கம். "வெங்காயம் வேணுமே, வெங்காயத்துக்கு எங்கே போறது?" என்றாள்.

"என்கிட்ட இருக்கு!" என்று மாமியார் சாப்பாட்டுப் பையைத் திறந்தார். வீட்டில் வெங்காயம் குவிந்து கிடந்ததால் மருமகள் அன்றைய டப்பாவில் பச்சை வெங்காயத் துண்டுகளையும் அடைத்துவிட்டிருந்தாள். மெல்லிய தோலை உரித்து, கண்ணாடித் தகட்டில் பரப்பி, ஒரு சொட்டு அயோடின் விட்டு, மேலே சின்னக் கண்ணாடிச் சில்லை வைத்தார்கள்.

"அக்கா முதல்ல!" என்று வகுப்பே கத்தியது.

மாமியார் குனிந்தார். முதலில் ஒரே மஞ்சள் மூட்டம். திருகைத் திருப்பினார். திருப்பினார். சட்டென்று தெளிந்தது. செங்கல் அடுக்கிய மாதிரி வரிசை வரிசையாகக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் கரும்பழுப்பில் ஒரு புள்ளி.

"ஐயோ, இருக்கு! புத்தகத்துல போட்டிருக்கற மாதிரியே இருக்குடா!" என்று கூவினார். "மூணு வருஷமா படம் போட்டேனே, நிஜமாவே இருக்கு!" சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. எத்தனை வெங்காயம் நறுக்கி எத்தனை தடவை கண்ணீர் விட்டிருப்பார், இப்படி ஒரு சந்தோஷத்தில் விட்டது அன்றுதான்.

அப்புறம் ஒரே தள்ளுமுள்ளு. குறட்டை கண்ணை எடுக்கவே மாட்டேன் என்றான், சட்டையைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. அந்தக் கலாட்டாவில் ஒரு பெண் திருகை அதிகமாகத் திருப்ப, கண்ணாடிச் சில்லு 'டிக்' என்று விரிசல் விட்டது. அறை அப்படியே உறைந்தது. முதல்வரின் கை தானாகப் பையிலிருந்த கைக்குட்டையைத் தேடிப் போனது.

"என்ன இப்போ? அது உடையத்தான் செய்யும். வேற ஒண்ணு எடும்மா" என்றார் தலைவி. பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு, "நானும் ஒரு தடவை பார்க்கட்டுமா? நான் பொருளாதாரம் படிச்சவ. எத்தனையோ லேப்புக்கு மார்க் போட்டிருக்கேன், இதுக்குள்ள கண்ணை வெச்சதே இல்லை" என்றார். பிள்ளைகள் வழிவிட்டார்கள். அவர் பார்த்துக்கொண்டே நின்றார். உறுப்பினர் இரண்டு தடவை நினைவூட்ட வேண்டிவந்தது.

போகும்போது தலைவி வாசலில் நின்று சொன்னார். "ஒளிச்சு மறைக்காம சொல்லிடறேன். இருக்கற விதிப்படி பார்த்தா உங்க கல்லூரி தேறாது. ஆனா விதியே கோணலா இருக்குன்னு நான் எழுதப்போறேன். அதை எழுதினவங்க அடுத்த புதன்கிழமை இங்கே நேர்ல வந்து, உங்க எல்லார் முன்னாடியும் பதில் சொல்லணும். எப்பவும் நாங்கதானே கேக்கறோம்? இந்தத் தடவை நீங்க கேளுங்க. அதுக்கப்புறம்தான் ஆணையம் முடிவெடுக்கும்."

பிள்ளைகள் கைதட்டியது தெருவரை கேட்டது. முதல்வரும் தட்டினார்.

அலுவலகத்தில் மருமகள் அன்று ஒரு வேலையும் உருப்படியாகப் பார்க்கவில்லை. மகன் மத்தியானம் போன் செய்து, "அம்மா சாப்பிட்டாங்களான்னு கேக்கலாமா, அது சட்டத்துல வருமா?" என்று கேட்டதற்குக்கூட எரிந்து விழுந்தாள். சாயங்காலம் தலைவியே அவள் மேஜைக்கு வந்தார்.

"அந்தக் கல்லூரியைப் பத்தி நீ பேசக்கூடாது. சரி. ஆனா உன் விதியைப் பத்தி நீ பேசியே ஆகணும்" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார். புதன்கிழமையையும் சொன்னார். "வீட்டுல பேசக்கூடாதுங்கறது ஆய்வு முடியறவரைக்கும்தான். முடிஞ்சுபோச்சு. போய் மாமியாரோட சிரிச்சுப் பேசும்மா" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார்.

மருமகள் வீட்டுக்கு வந்தபோது கூடத்தில் திருவிழாக் களை. மாமியார் நாற்காலியில் உட்காரவே இல்லை. நின்றபடியே கையை ஆட்டி ஆட்டி, சாப்பாட்டு மேஜையிலிருந்த மகனுக்கு வெங்காயத் தோலை விளக்கிக்கொண்டிருந்தார்.

"வாம்மா வா! உங்கிட்ட இப்பப் பேசலாமில்ல? அப்பாடா, இத்தனை நாள் எனக்கு வாய் நமநமன்னு இருந்துச்சு. கேளு, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளயும் ஒரு புள்ளிடி, அவ்வளவு அழகு!"

குறட்டையின் திருப்தியிலிருந்து கண்ணாடிச் சில்லுவரை அத்தனையும் சொன்னார். ஆசிரியர்களைக் கழுவி விடும் இடம் வந்தபோது மகனுக்குச் சோறு புரையேறியது. மருமகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்தபோது அவள் முகம் மாறியது.

"அத்தை. அந்த விதியை எழுதினது யாருன்னு தெரியுமா?"

"எவனோ ஒரு மடையன். புதன்கிழமை வரட்டும், வெச்சுக்கறேன்!"

"நான்தான் அத்தை."

மகன் தண்ணீர்த் தம்ளரை எடுத்த கையோடு அப்படியே நின்றான். லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது.

மாமியார் இப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். "நீயா?"

"நான்தான். நல்லதுன்னு நினைச்சு எழுதினேன். இப்ப தப்புன்னு தெரியுது. மாத்தணும். ஆனா நான் மாத்தினா, மாமியார் பட்டத்துக்காக மருமக சட்டத்தையே வளைச்சான்னு சொல்வாங்க. மாத்தலேன்னா உங்க கல்லூரி போயிடும்." அவள் குரல் உடைந்தது. "எந்தப் பக்கம் போனாலும் இடிக்குது அத்தை."

மாமியார் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு சாதாரணமாகச் சொன்னார்.

"இதுக்கா அழறே? நாளைக்கே டி.சி. வாங்கிட்டு நின்னுடறேன். நான் அங்க படிக்கலேன்னா நீ தாராளமா மாத்தலாமில்ல? பிள்ளைங்களாவது தேறும். எனக்கென்ன, பார்க்க வேண்டியதைப் பார்த்தாச்சு."

"அத்தை!" மருமகள் எழுந்தே விட்டாள். "அந்தப் பேச்சே வேண்டாம். நீங்க டி.சி. வாங்கினா நான் வேலையை விட்டுடுவேன், சத்தியமா. புதன்கிழமை நீங்களும் போங்க. அதே முதல் பெஞ்சுல உக்காருங்க. மாமியார்னு எல்லாருக்கும் தெரியட்டும், நானே சொல்றேன். சொல்லிட்டு நிக்கறேன். ஊரறியக் கேளுங்க. கொஞ்சம்கூட விட்டுக்கொடுக்காதீங்க. அப்பத்தான் யாரும் வாய் திறக்க முடியாது."

"நிஜமாத்தான் சொல்றியா? நான் பில் கவுன்டர்ல இருந்தவ. ஒரு பைசா விடமாட்டேன்."

"விடாதீங்க."

மாமியாரின் கண்ணில் காலையில் பார்த்த அந்தப் பளிச்சு திரும்ப வந்தது. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு நிமிர்ந்தார். "அப்ப முதல் கேள்வியை இப்பவே கேக்கறேன், பதிலைச் சொல்லு. இந்தச் சட்டத்தை எழுதறதுக்கு முன்னாடி, லேப்புல படிக்கிற ஒரு பிள்ளையையாவது கூப்பிட்டு, உனக்கு என்னம்மா கஷ்டம்னு கேட்டியா?"

மருமகள் அந்தக் கையேட்டை எழுதியது மாமியார் கல்லூரியில் சேர்ந்த புதிதில், இதே சாப்பாட்டு மேஜையில். எதிரில் உட்கார்ந்து மாமியார் வெங்காயச் செல்லின் படத்தைப் புத்தகத்தைப் பார்த்து வரைந்துகொண்டிருந்தார்.

"கேக்கலை அத்தை" என்றாள்.

மாமியார் கையை நீட்டி அவள் கன்னத்தில் லேசாகத் தட்டினார்.

"இதையே அங்கேயும் சொல்லு. இதே மாதிரி, என் முகத்தைப் பார்த்துச் சொல்லு."

"சொன்னதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் ரெண்டாவது கேள்வி. நீ இப்பச் சாப்பிடு."